அத்தா விட்டுச்சென்ற கடை

கேள்வி: அத்தா (தந்தை) தொடங்கிய நாசி கண்டார் (சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் பினாங்கு உணவு) கடையை ஏற்று நடத்த என் மகன் தயங்குகிறான். வற்புறுத்தலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வற்புறுத்த வேண்டாம், அம்மா. ஆனால் ஒரு மாதம் சட்டிகளின் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, தால்சா (பருப்புக் குழம்பு) என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அள்ளி, சோறு நனைய ஊற்றுகிறார்களே, அந்த அளவு கண்ணால் பார்த்துக் கையால் பழகினால்தான் வரும். தோளில் தடி வைத்து, அதில் சோறும் குழம்பும் தொங்கவிட்டுச் சுமந்து, பினாங்கின் ஜார்ஜ் டவுன் துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் தொழில் இது. அங்கே கேம்பல் சாலையில் உள்ள ஹமீதியா நாசி கண்டார் கடை 1907 முதல் நடக்கிறது. அவன் மறுத்தாலும், மசாலா அளவுகளை இன்றே எழுதி வையுங்கள். மருமகளோ பேத்தியோ கேட்கக்கூடும்.