லீவில் வருகிற மருமகன்

அன்புள்ள அக்கா,

பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் உங்கள் பக்கத்தை வாசிப்பேன். எனக்கு மட்டக்களப்பில் பட்டிருப்புத் தொகுதியில் ஒரு கிராமம். பெயரும் ஊரும் போட வேண்டாம். என் கணவர் இராணுவத்தில் சாரதி. சேர்ந்து பன்னிரண்டு வருடம். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய வீட்டில் வேறு வருமானம் இல்லை, போனார். இப்போது வன்னியில் இருக்கிறார். லீவு கிடைத்தால் வருவார். கிடைக்கும் என்று சொன்ன நாளில் கிடைக்காமலும் போகும். நான் அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் சீதனமாகத் தந்த வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வளவில் அக்கா.

ஊரில் ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் போனால் கதை நின்றுவிடும். மகனைப் பள்ளிக்கூடத்தில் 'ஆமிக்காரன்ட மகன்' என்கிறார்களாம். சடங்கு நாளில் கோயிலுக்குப் போகவே அவன் பின்வாங்குகிறான். கேட்பவர்களிடம் நான் 'அரசாங்க உத்தியோகம்' என்று சொல்லித் தப்பிவிடுவேன். முகாமில் நடந்த குடும்பங்களின் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். எல்லாம் சிங்களம். சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன்.

அவர் வந்தால் முதல் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டார். மூன்றாம் நாள் தொட்டதற்கெல்லாம் பிழை பிடிப்பார். ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கும்போது போகிற நாள் வந்துவிடும்.

வெளிநாடுகளில் படைவீரர்களின் மனைவிமாருக்குச் சங்கங்கள் இருப்பதாக வாசித்தேன். எங்களுக்கும் அப்படி ஒன்று தொடங்கலாமா? அல்லது எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கவே எனக்கு உரிமை இல்லையா?

ம.

*

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில். உரிமை உண்டு. ஆனால் ஊர் ஏன் கதையை நிறுத்துகிறது என்று தெரியாததுபோல நீங்களும் நானும் எழுதிக்கொள்ள முடியாது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களிடையே இராணுவம் பிடித்துப்போன 158 பேர் திரும்பி வரவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் படுகொலை. அடுத்த வருடம் ஜூன் 12, மகிழடித்தீவில் இன்னொன்று. உங்கள் ஒழுங்கையிலும் மாலை போட்ட படம் தொங்கும் வீடு ஒன்றாவது இருக்கும். படமும் மாட்ட முடியாமல், மாட்டாமல் இருக்கவும் முடியாமல் இருக்கும் வீடும் இருக்கும். அந்த வீட்டு அம்மா உங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினால், உங்கள்மேல் கோபம் என்றுதான் எடுக்க வேண்டும் என்றில்லை. அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். அவரை மாற்றப் போக வேண்டாம். 'அதெல்லாம் பழைய கதை' என்று மட்டும் உங்கள் வாயால் வந்துவிடக் கூடாது.

அதற்காக உங்கள் மகன் தலை குனிந்து நடக்க வேண்டும் என்று ஆகாது. அவன் பிறந்ததே எல்லாம் முடிந்த பிறகு. இன்னொன்றும் இருக்கிறது. நம்முடைய பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கண்ணகி அம்மன் சடங்கில் அவனுக்கு இருக்கிற இடம் உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கும், உங்களிடமிருந்து அவனுக்கும் வந்தது. தகப்பனின் உத்தியோகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வருகிற வைகாசியில் அவனை உங்கள் அம்மாவோடு அனுப்புங்கள். கிழவி கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையை 'நீ யாருடைய மகன்' என்று கேட்க நம் ஊரில் ஆள் குறைவு.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, 'அரசாங்க உத்தியோகம்' என்ற பதிலை விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊருக்கே தெரிந்த ஒன்றைத் தாய் மறைக்கிறாள் என்றால் அதில் ஏதோ வெட்கப்பட இருக்கிறது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்வான். 'அப்பா ஆமியில் லொறி ஓடுகிறார்' என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒருமுறை நேரே போய்ச் சொல்லி வையுங்கள்.

சரி, சங்கத்துக்கு வருவோம்.

நீங்கள் வாசித்தது உண்மைதான், பழைய விஷயமும்கூட. 1885இல் பிரித்தானியப் படைகள் எகிப்துக்குக் கப்பலேறியபோது, பின்னால் நின்ற பெண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஜேம்ஸ் கில்டியா என்ற அதிகாரி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பணமும் ஆளும் கேட்ட அந்தக் கடிதத்தில் பிறந்த அமைப்பு இன்றும் அங்கே இயங்குகிறது. இந்தியாவில் இராணுவ மனைவிமார் நலச் சங்கம் 1966இல் வந்தது. இங்கிலாந்தின் கட்டரிக் முகாமில் 2010இல், கணவர்மார் ஆப்கானிஸ்தானுக்குப் போயிருந்த நேரம், மனைவிமார் சிலர் கூடிப் பாடத் தொடங்கினார்கள். இப்போது முகாமுக்கு முகாம் பாடகர் குழு. எனக்கு இதில் பிடித்தது, உட்கார்ந்து கவலையைச் சொல்லுங்கள் என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாட்டுக்கு வந்தார்கள், கதை தானாக வந்தது.

ஆனால் அந்தப் பெண்களின் நிலைமையைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு படைவீரரின் குடும்பம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை முகாம் மாறும். தாய் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஆளில்லை. இரத்த உறவு இல்லாத இடத்தில் உறவைச் செய்துகொள்ளத்தான் அந்தச் சங்கங்கள். உங்களுக்கு அந்தக் குறை கிடையாது. வீடு உங்களுடையது, அம்மா கூட இருக்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா. காய்ச்சலுக்கு ஆள் உண்டு. உங்களுக்கு இல்லாதது, கதைக்க ஆள். ஆகவே அவர்களுடைய மாதிரியை அப்படியே கொண்டுவந்து நட்டால் பிடிக்காது. தலைவி, செயலாளர், பொருளாளர் என்று போட்டு, பெயர்ப்பலகை வைத்து, முதல் கூட்டத்துக்குப் பிரதேச செயலாளரைக் கூப்பிட்டு, இரண்டாம் கூட்டம் நடக்காமல் போன சங்கங்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. அதுவும் 'ஆமி மனைவிமார் சங்கம்' என்று பலகை வைத்தால் இப்போது கதையை நிறுத்துகிறவர்கள் அதன் பிறகு ஒழுங்கையையே மாற்றிப் போவார்கள்.

உங்கள் கூட்டாளிகளை நான் வேறு இடத்தில் தேடுவேன். உங்கள் ஊரில் கட்டாரிலும் சவூதியிலும் புருஷன் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்? பெற்றார் கூட்டத்துக்குத் தனியாகப் போவது, காசு வந்ததா என்று வங்கிக்கு நடப்பது, மோட்டர் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பது, கூப்பிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அதற்கும் மேலே யோசிப்பது, தொலைபேசித் திரையில் பிள்ளையைத் தகப்பனுக்குக் காட்டுவது எல்லாம் அவர்களுக்கும் உண்டு. உங்கள் நாளில் முக்கால்வாசி அவர்களுடைய நாள்தான். அவர்களோடு ஒரு சீட்டுப் பிடியுங்கள், அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஏற்கனவே சீட்டு இருந்தால் சேருங்கள். மாதத்தில் ஒருநாள் காசோடு போய் இருந்தால் போதும்.

மிச்சக் கால்வாசியில் ஒன்று அந்த மூன்றாம் நாள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் மூன்று வரியில் கடந்துபோனது அதுதான்.

வேறு இடங்களில் படைவீரன் லீவில் வந்தால் தன் வீட்டுக்கு வருகிறான். மட்டக்களப்பு மருமகன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். வருடம் முழுவதும் கூட இருக்கிற மருமகனுக்கே அந்த வீட்டில் நிலைகொள்ளக் கொஞ்சக் காலம் எடுக்கும். வேலி கட்டி, கிணறு இறைத்து, மாமியாருக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, மெல்ல மெல்லத்தான் வளவு அவனுடையதாகும். உங்கள் கணவருக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. அவர் இல்லாத வீடு நன்றாக ஓடப் பழகியும் விட்டது. பிள்ளை எதற்கும் அம்மாவைக் கேட்கிறது. உழவு மெசினுக்குச் சொல்வது அக்காவின் புருஷன். சாப்பாட்டு நேரம் மாறியிருக்கிறது, சாமான் வைக்கிற இடம் மாறியிருக்கிறது. முகாமில் எல்லாவற்றுக்கும் நேரமும் இடமும் குறித்துப் பழகிய மனிதருக்கு இந்த வீட்டில் தனக்கென்று குறித்த வேலை ஒன்றும் இல்லை என்று இரண்டு நாளில் விளங்கிவிடும். மூன்றாம் நாள் உப்புக் கூடிவிட்டது என்பார்.

நீங்களும் அந்த நேரம் சும்மா இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 'இவ்வளவு நாளும் தனியாகப் பார்த்தேன், இப்போது வந்து பிழை பிடிக்கிறார்' என்று வாயில் வரும். வருவது நியாயம். ஆனாலும் சண்டையை ஒத்திவைக்க ஒரு வழி இருக்கிறது. வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு வேலையை அவருக்கென்று ஒதுக்கி வையுங்கள். மகனின் சைக்கிள் பழுது, ஓடு மாற்றுவது, வாவிக்கு வலையோடு போவது, எதுவானாலும் சரி. வேறு ஆள் செய்யக்கூடியதாக இருந்தாலும் செய்யாமல் விடுங்கள். 'அப்பா வந்து பார்ப்பார்' என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அம்மாவிடமும் இரகசியமாகச் சொல்ல வேண்டும், மருமகனை விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருத்தி உபசரிக்க வேண்டாம் என்று. நம் அம்மாமாருக்கு அது லேசில் வராது. கோழி அடித்தால்தான் மரியாதை என்று நினைப்பார்கள். முதல் இரண்டு நாள் மௌனத்தை அப்படியே விடுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், ஆட்களையும் கூப்பிட வேண்டாம்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. நித்திரை இல்லாமல் இருப்பது, குடி கூடுவது, கை நீள்வது என்று போனால் அது மூன்றாம் நாள் கோபம் என்று பேசாமல் இருக்காதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முகாமில் தெரிந்தால் வேலைக்குப் பிரச்சினை வரும் என்று அவர் பயப்படலாம். அவர் போகாவிட்டாலும் நீங்கள் போய்க் கேட்கலாம். நகரில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து இருக்கிறது, எத்தனையோ விதமான வீடுகளிலிருந்து போன பெண்களைக் கண்ட இடம். புருஷன் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கதைக்க மாட்டார்கள்.

அப்புறம் கடதாசிகள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அப்போது அவருடைய அம்மாவின் பெயரைத்தான் கொடுத்திருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினாரா என்று அடுத்த லீவிலேயே கேளுங்கள். அவருடைய இராணுவ இலக்கம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் பிரதியும் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், சாவைக் கூப்பிடுகிற மாதிரித் தோன்றும். 22 வருடம் முடிந்தால்தான் அவருக்கு ஓய்வூதியம், இன்னும் பத்து வருடம் கிடக்கிறது. கடிதப் போக்குவரத்தைத் தமிழில் கேட்கலாம். அரசியலமைப்பின் 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தந்த உரிமை அது. பதில் தமிழில் வரச் சுணங்கும், அது வேறு விஷயம்.

முகாம் கூட்டத்துக்குத் திரும்பவும் போகச் சொல்வேன். படையினரின் குடும்ப நலனைப் பார்க்கிற, இராணுவத்தின் சேவா வனிதா பிரிவு நடத்துவதாக இருக்கும். அதற்குத் தலைமை வழக்கமாக இராணுவத் தளபதியின் மனைவி. கணவரின் பதவிப் பட்டியைப் பெண்களும் தோளில் குத்திக்கொண்டு வருவார்கள், உலகம் முழுவதும் இந்தக் குறை உண்டு. முன்வரிசையை விட்டுவிடுங்கள். பின்வரிசையில் உங்களைப்போலவே ஒரு சாரதியின் மனைவி, உகணையிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ பஸ் ஏறி வந்து, எப்போது முடியும் என்று மணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் மௌனத்தையும் மூன்றாம் நாள் கோபத்தையும் நீங்கள் விளக்காமலே விளங்கக்கூடியவள் அவள். உங்களுக்குச் சிங்களம் கொஞ்சம் வேண்டும், அவளுக்குத் தமிழ் கொஞ்சம் வேண்டும். உங்கள் கணவருக்குச் சிங்களம் வரும்தானே, மகனுக்கும் உங்களுக்கும் லீவில் அரை மணி நேரம் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஒதுக்கி வைக்கிற வேலையாக அதையே வைத்துக்கொண்டாலும் சரி.

உங்களைப் போன்ற வேறு யாராவது இதை வாசித்து எழுதினால், அவரும் சம்மதித்தால், உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். விருப்பமா என்று ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அக்கா