புரோகால்சிடோனின் 38 என்றால் அப்பா தேறமாட்டாரா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோயாளி. கால் புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் பரவி, நேற்று முன்தினம் ஐசியுவில் சேர்த்தோம். அன்று இரத்தச் சோதனையில், கிருமித் தொற்றைக் காட்டும் புரோகால்சிடோனின் 38, லாக்டேட் 4.6. "இந்த நம்பர் வந்தா இங்க தேறாது, உடனே பெங்களூரு கொண்டு போயிடுங்க" என்கிறார் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்பவர். என்ன செய்வது?
- வாசகர், பாலக்கோடு

பதில்: ஒற்றை நம்பரை வைத்து உயிருக்குக் கெடு சொல்ல யாராலும் முடியாது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

உடம்புக்கு இரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் போதாதபோது இரத்தத்தில் ஏறுவது லாக்டேட். அது 2-க்குள் இருக்க வேண்டும். 4-ஐத் தாண்டினால் ஆபத்துதான், மறைக்கவில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கி 2 முதல் 4 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்திருப்பார்கள். 4.6 என்பது 3.2, பிறகு 2 என்று இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. அப்படியே நின்றால்தான் கவலை.

அந்த 4.6 எப்படி எடுத்தது என்றும் கேளுங்கள். சாதாரண டியூபில் எடுத்து வெளி லேபுக்கு பைக்கில் அனுப்பினால், போகிற வழியிலேயே இரத்த அணுக்கள் டியூபில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைக் கூட்டிவிடும். சாம்பல் மூடி டியூபில் எடுத்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஐசியுவிலேயே ஏபிஜி மெஷினில் (இரத்த வாயு பார்க்கும் கருவி) உடனே போடுவது அதைவிட நல்லது. ஆர்.எல். (லாக்டேட் கலந்த உப்புத் திரவம்) டிரிப்ஸ் ஏறும் கையில் எடுத்திருந்தாலும் கணக்கு தப்பும். அப்பா மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள். சிறுநீரகம் அடிபட்டால் அந்த மாத்திரையாலும் லாக்டேட் ஏறும்.

புரோகால்சிடோனின் 38 என்றால் தொற்று கடுமை என்று அர்த்தம், அவ்வளவுதான். மருந்து பிடித்து, சீழும் முழுதாக வெளியேறினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகும்: 38, 19, 10. 3, 4 நாளாகியும் இறங்கவில்லை என்றால் பாதத்துக்குள் சீழ் தங்கியிருக்கலாம், மருந்து பொருந்தாமலும் இருக்கலாம். சர்ஜன் புண்ணைத் திறந்து பார்த்தாரா, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததா என்று விடாமல் கேளுங்கள். புரோகால்சிடோனின் சோதனையை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாலே போதும். 'செப்சிஸ் பேனல்' (இரத்தத் தொற்றுக்கான சோதனைத் தொகுப்பு) என்று லேப்காரர் ஆயிரக்கணக்கில் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். மருந்துச்சீட்டில் அதனால் ஏதாவது மாறுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம்), பிலிருபின் (கல்லீரல்), பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) என்ற மலிவான மூன்று சோதனைகளே நிறையச் சொல்லும். கட்டிலோரம் தொங்கும் யூரின் பையையும் பாருங்கள்: 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும்.

ரிப்போர்ட்டை உறவினர் கையில் திணிக்கிறார்கள், விளக்க ஆள் வைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் கமிஷனுக்கு அலையும் புரோக்கர் நுழைகிறார். பிரஷர் விழாமல் தாங்கும் மருந்து பம்பில் ஓடிக்கொண்டிருக்க, ஓசூர் நெரிசலில் ஆம்புலன்ஸ் நிற்பதை நினைத்துப் பாருங்கள். இப்போதுள்ள இடத்தில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், சர்ஜன் இவற்றில் தேவையானது இல்லாவிட்டால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் முதலில் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைக் கேளுங்கள். அங்குள்ள ஐசியு டாக்டரிடம் உங்கள் டாக்டரே போனில் பேசி, படுக்கை உறுதியான பிறகே வண்டி. 108-க்குக் கட்டணம் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும், மணி குறித்த எல்லா லாக்டேட் ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.