60 கிலோவும் 800 கிராமும்

கேள்வி: எங்கள் கிரேட் டேனுக்கு மூன்று வயது, எடை 60 கிலோ. ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கிடந்த இரண்டு மாதப் பூனைக்குட்டி ஒன்றை மகள் தூக்கி வந்துவிட்டாள். நாய் அதைப் பார்த்து உறுமவில்லை. முன்னங்காலை நீட்டிக் குனிந்து, வாலை ஆட்டி விளையாடக் கூப்பிடுகிறது. குட்டியைக் கூண்டில் வைத்து அருகே கொண்டுபோகலாமா? இரண்டுக்கும் ஒரே தட்டில் சோறு வைத்தால் தானாகப் பழகிவிடும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: கூண்டும் வேண்டாம், ஒரே தட்டும் வேண்டாம். கூண்டுக்குள் குட்டி தப்ப வழியில்லாமல் நடுங்கும். வெளியே நாய்க்கு அதை எட்ட முடியாத வெறி ஏறும். தட்டு விஷயத்தில் மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் சாதுவான நாயும் சோற்றுத் தட்டருகே வேறு நாய்.

உங்கள் நாய் விளையாடக் கூப்பிடுகிறது என்பது சரிதான். ஆபத்தும் அங்கேதான். இந்த வயதுக் குட்டி 800 கிராம் இருந்தால் அதிகம். நாய் விளையாட்டாக ஒருமுறை முன்னங்காலைத் தூக்கிப் போட்டால் விலா எலும்பு முறியும், முதுகுத்தண்டும் போகலாம். கடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்து, உண்ணி, வட்டவட்டமாக முடி உதிரும் படர்தாமரை, தடுப்பூசி எல்லாம் அங்கே முடிவாகட்டும். அதுவரை, குறைந்தது இரண்டு வாரம், குட்டிக்குத் தனி அறை. அந்த நாட்கள் வீணாகாது. ஒரு துணியால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து நாய் படுக்கும் இடத்தில் போடுங்கள். நாயின் துணியைக் குட்டியிடம் போடுங்கள். வாசனை முதலில் பழக வேண்டும், முகம் பிறகு.

அடுத்தது கம்பிக் கதவு. நம் வீடுகளின் கிரில் கதவில் கம்பிகளுக்கு நடுவே குட்டி சுலபமாக நுழைந்து நாயிடமே போய்விடும். அதனால் அடியிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு நைலான் வலை கட்டுங்கள். குட்டி பழகியபின் ஒரு மூலையில் மட்டும் வலையை அவிழ்த்துவிட்டால், அதே இடைவெளி குட்டிக்குத் தப்பும் வழி. நாய்க்குத் தலை நுழையாது.

சந்திப்புக்கு முன் நாயை அரைமணி நேரம் நடத்திக் களைக்க வையுங்கள். பிறகு ஆறடிக் கயிற்றில், தளர்வாகப் பிடித்து, கதவிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். கயிறு விறைத்தால் நாயும் விறைக்கும். குட்டியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல். ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு மூன்று முறை. நாய் தானாகப் படுத்துவிட்ட பிறகே அடுத்த நாள் ஓரடி நெருங்குங்கள்.

வாய் மூடி, உடல் அசையாமல், கண் குட்டியை விட்டு நகராமல் நின்று, பெயர் சொன்னாலும் கோழியை மூக்கருகே நீட்டினாலும் திரும்பவில்லை என்றால் அது விளையாட்டு அல்ல, வேட்டைப் பார்வை. அன்றைக்கு அதோடு முடியுங்கள். கிரேட் டேன் ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த நாய்களின் வழி வந்தது. (ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொறுமை வேண்டும், ஓடுவதைத் துரத்தவே வளர்த்த இனங்கள்.) ஆறு வாரமாகியும் இந்தப் பார்வை மாறாவிட்டால், தனித்தனி அறைதான் நிரந்தர ஏற்பாடு.

ஒரே அறையில் விட்ட பிறகும் குட்டிக்கு உயரமான இடம் தேவை. மேசையும் அலமாரியின் நடுத்தட்டும் பயன்படாது. உங்கள் நாய் பின்னங்காலில் நின்றால் ஆறடி எட்டும். பரண் சரி, ஏற ஒரு பலகை சாய்த்துவையுங்கள். இரவில் சேர்ந்து தூங்க விடாதீர்கள். புரண்டு படுத்தாலே குட்டி நசுங்கும்.

சாளை மீன் வேகவைத்துக் குட்டிக்கு வைக்கும் நாளில் நாயை முற்றத்தில் விடுங்கள். நாயின் உணவைக் குட்டிக்குக் கொடுத்துப் பழக்காதீர்கள். பூனைக்கு அவசியமான டாரின் சத்து அதில் போதாது. கிரேட் டேனுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால், உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்து, சாப்பிட்ட ஒரு மணி நேரம் ஓட்டமும் குட்டியோடு விளையாட்டும் தவிர்க்கவும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டியது உண்ணி மருந்து. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் உண்ணிக்குக் குறைவில்லை. நாய்க்கு முதுகில் விடும் மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு நஞ்சு. அந்த நாயின் மேல் உரசினாலோ அதை நக்கினாலோ கூடக் குட்டிக்கு எச்சில் ஒழுகும், உடல் உதறும், வலிப்பு வரும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் அப்படியே, பூனைக்கு ஆகாது. வீட்டில் பூனை இருப்பதை முன்கூட்டியே சொல்லி, இரண்டுக்கும் ஆகும் மருந்தை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே விட்டிருந்தால், எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும் என்று பெட்டியிலுள்ள தாளில் பார்க்கவும். குட்டியின் உடல் உதறத் தொடங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அந்த மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.