முயல்மீன் பவளத்தைக் கொத்துகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கடல்நீர் மீன்தொட்டியில் நான்கு மாதமாகச் சமர்த்தாக இருந்த ஃபாக்ஸ்ஃபேஸ் (மஞ்சள் நிற முயல்மீன் வகை), போன வாரத்திலிருந்து சோவாந்தஸை (கொத்தாக வளரும், பவளம் போன்ற மென்மையான உயிரி) கொத்துகிறது. பாறையில் இருந்த முடிப்பாசியை ஏற்கனவே சுத்தமாகத் தின்று தீர்த்துவிட்டது. மீனை எடுத்துவிடலாமா?

பதில்: காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பாசி தீர்ந்துவிட்டது, மீனுக்குப் பசி. கடலில் பகல் முழுக்க மேய்ந்து பழகிய இனம் இது. மாலையில் ஒரு சிட்டிகை தீனி போட்டால் அதற்குக் காணாது. உப்பு, மசாலா சேர்க்காத நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டிக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று தொங்கவிடுங்கள். அதோடு ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி கலந்த குருணைத் தீனியும் கொடுங்கள். தினமும் மீனின் வயிற்றைப் பாருங்கள். உள்வாங்கி இருந்தால் தீனி போதவில்லை என்று அர்த்தம்.

இரண்டு மூன்று வாரம் இப்படிக் கொடுத்தால் பல மீன்கள் பவளத்தை விட்டுவிடும். சில விடாது, ருசி பிடித்துவிட்டால் அவ்வளவுதான். அப்போது வேறு டேங்க் பார்ப்பதுதான் மீனுக்கும் நல்லது. அக்ரோபோரா போன்ற கல்பவளங்களை இவை பெரும்பாலும் சீண்டுவதில்லை. சோவாந்தஸ், மூளைப் பவளம் மாதிரி சதைப்பற்று உள்ளவற்றை ஆசையாகச் சேர்ப்பவர் முயல்மீனை வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: 200 லிட்டர் டேங்க் போதுமா?

பதில்: போதாது. கடையில் விரல் நீளத்தில் இருக்கும் ஃபாக்ஸ்ஃபேஸ் 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். நீந்த நீளமும் வேண்டும், ஒளியப் பாறை இடுக்கும் வேண்டும். 500 லிட்டருக்குக் குறைவாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

கேள்வி: இரவில் விளக்கைப் போட்டால் மஞ்சள் மீன் பழுப்புத் திட்டுகளோடு கிடக்கிறது. நோயா?

பதில்: இல்லை. உறங்கும்போதும் பயப்படும்போதும் இப்படித்தான் நிறம் மாறும். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் பழைய மஞ்சள் திரும்பிவிடும். பகலிலும் திட்டு மறையவில்லை என்றால் வேறு மீன் விரட்டுகிறதா, நீரில் அம்மோனியா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரவில் அடிக்கடி விளக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள், பாவம் மிரண்டுபோகும்.

கேள்வி: வலையில் பிடித்தபோது முள் குத்திவிட்டது. பயங்கர வலி. விஷமா?

பதில்: ஆமாம், விஷம்தான். முதுகுத் துடுப்பில் 13, குதத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் 2 என்று முட்கள் இருக்கின்றன. இந்த விஷம் புரதம், சூட்டில் சிதைந்துவிடும். அதனால் குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டு நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துவிடலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால், முள் உள்ளே ஒடிந்திருந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

இனிமேல் வலை வேண்டாம். முள் வலையில் சிக்கினால் மீனும் காயப்படும், பிரிக்கப் போகும் கையும் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மெதுவாக ஓட்டி நீரோடு தூக்குங்கள்.

கேள்வி: தனியாக இருக்கிறதே, இன்னொன்று சேர்க்கலாமா?

பதில்: ஏற்கனவே இடம் பிடித்துக்கொண்ட மீனிடம் புதிதாக ஒன்றை விட்டால் பெரும்பாலும் சண்டைதான். கடலில் இவை ஜோடியாகத் திரிவது உண்மை. ஒன்று பவள இடுக்கில் தலையை நுழைத்து மேயும்போது மற்றது காவல் நிற்கும், அப்புறம் முறை மாறும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இதைக் கவனித்த ஆய்வாளர்கள் 2015இல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை வீட்டில் பார்க்க எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஏற்கனவே ஜோடி சேர்ந்த இரண்டு ஒன்றாகக் கிடைத்தால் மட்டும் முயலுங்கள். தனி மீன் ஒன்றும் வாடிப்போகாது.