சக்கரம், ஒற்றி, உண்டியல், சீட்டு: வாசகர் கேள்வி பதில்

பழைய வியாபாரம், நாணயம், கடன் பத்திரம் பற்றிக் குமரி மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (பூதப்பாண்டி வாசகர்): தாத்தாவின் பெட்டியில் ஒரு ஒற்றிப் பத்திரம் கிடைத்தது. தேதி '1083 மகரம் 12' என்று இருக்கிறது. 1050 பணத்துக்கு வயலை ஒற்றி வைத்திருக்கிறார்கள். இது எந்த வருடம்? இன்றைக்கு எவ்வளவு பெறும்?

பதில்: அது கொல்லம் ஆண்டு. நம் பகுதி முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் வீட்டுப் பெட்டிகளில் கிடைக்கும் காகிதங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

கொல்லம் ஆண்டு நம் பக்கத்தில் சிங்ஙம் ஒன்றாம் தேதி, அதாவது ஆவணி ஒன்றாம் தேதி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் டிசம்பர் 31 வரையுள்ள தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐக் கூட்டுங்கள். மார்கழி மாதம் இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைக்கும், பலரும் தவறுவது அங்கேதான். மாதப் பெயர்கள் ராசிப் பெயரில் இருந்தால் வரிசை இது: சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி. உங்கள் பத்திரம் 1908 ஜனவரி கடைசி வாரத்தில் எழுதியது.

'துலாம்' என்ற சொல்லைக் கண்டால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது மாதமாகவும் இருக்கலாம், 100 பலம் கொண்ட நிறையாகவும் இருக்கலாம். முன்னால் ஆண்டு இருந்தால் மாதம், பின்னால் மிளகோ கொப்பரையோ வந்தால் நிறை.

இனித் தொகை. திருவிதாங்கூரில் 16 காசு 1 சக்கரம், 4 சக்கரம் 1 பணம், 7 பணம் 1 ரூபாய். அதனால் 1050 பணம் என்பது 4200 சக்கரம், அதாவது 150 திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் சற்றுக் கனமானது. அதற்கு 28 சக்கரம் 8 காசு கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் 147 ரூபாயும் 10 சக்கரம் 8 காசும் வரும். அரை சக்கரம்தானே என்று விட்டால், 4200 சக்கரத்தில் இரண்டரை ரூபாய்க்கு மேல் பிசகிவிடும். இந்த வாய்ப்பாடு சர்க்கார் பணத்துக்கு மட்டும் பொருந்தும். இன்னும் பழைய ஓலையில் 'அனந்தராயன் பணம்', 'கலியுகராமன் பணம்' என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் அவற்றை 7-ஆல் வகுக்கக் கூடாது.

தங்க விலையை வைத்து இன்றைய மதிப்பைக் கணக்கிட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பத்திரத்தில் பாட்டம், அதாவது குத்தகை, எத்தனை கோட்டை நெல் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். நெல்லை வைத்து அளந்தால்தான் அந்தத் தொகை அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று புரியும்.

ஒற்றியில் வட்டி தனியாக இல்லை. பணம் கொடுத்தவர் வயலை அனுபவிப்பார், விளைச்சலே அவருக்கு வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்தால் வயல் திரும்பும். மற்ற மாவட்டத்தார் போக்கியம் என்பதை இன்றும் நாகர்கோவிலில் 'வீடு ஒற்றிக்கு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் இந்தக் காகிதத்தை வைத்து இப்போது வயலைக் கேட்க முடியுமா என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி ஒற்றி மீட்கக் கெடு 30 ஆண்டு என்றாலும், வட்டிக்குப் பதில் நிலத்தை அனுபவிக்கும் ஒற்றியில் அந்தக் கெடு பத்திரத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்காது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரத்தை மடிக்காமல், பிளாஸ்டிக் ஒட்டாமல், காகித உறையில் வையுங்கள். லேமினேட் செய்த பழைய பத்திரம் உள்ளுக்குள்ளேயே பழுத்து உதிர்வதை நிறையப் பார்த்தாயிற்று.

கேள்வி (தக்கலை வாசகி): மாமியார் வீட்டில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் போட்ட மரப்பலகை ஒன்று இருக்கிறது. கைப்பிடியும் உண்டு. பல்லாங்குழி மாதிரி இல்லை. அது என்ன?

பதில்: சக்கரப் பலகை. பணம் எண்ணுகிற பலகை.

வெள்ளிச் சக்கரம் அரை கிராம் எடைகூட இல்லாத பொடி நாணயம். மிளகைவிடச் சற்றே பெரிதாக, தட்டையும் இல்லாமல் உருண்டையும் இல்லாமல் இருக்கும். 4200 சக்கரத்தை விரலால் எண்ணினால் பாதி நாள் போகும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே பலகையின்மேல் ஒரு பிடி சக்கரத்தைக் கொட்டி, இரண்டு பக்கமும் சாய்த்து மெல்லக் குலுக்குவார்கள். ஒரு குழிக்கு ஒன்றுதான் அமரும். மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால், பலகை நிறைந்திருக்கும்போது தொகை தெரிந்துவிடும். காலிக் குழி இருந்தால் கண்ணுக்கே படும். உங்கள் பலகையில் நீளவாட்டில் எத்தனை, குறுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள், ஒரு தடவைக்கு எத்தனை சக்கரம் என்று வரும்.

தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம். குழிக்குள் எண்ணெய் தங்கித் தூசி பிடித்து, விளிம்பு மழுங்கிவிடும். உலர்ந்த மெல்லிய தூரிகையே போதும்.

கேள்வி (சுசீந்திரம் வாசகர்): கோயில் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு கொடுத்ததாக வருகிறது. ஆட்டுக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு? இதைப் பொருளாதாரம் என்று சொல்ல முடியுமா?

பதில்: கட்டாயம் சொல்லலாம். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஊர்களில் நிரந்தர வைப்புநிதி இப்படித்தான் இயங்கியது. பக்தி என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கடந்து போவது பெரிய இழப்பு.

ஒருவர் கோயிலில் ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய ஆசைப்படுகிறார். பாண்டி நாட்டில் அதற்கு 50 ஆடு என்பது வழக்கம். பாதி விளக்குக்கு 25. சோழ நாட்டில் 90, 96 என்று வரும். ஆடுகள் கோயிலில் கட்டிக் கிடப்பதில்லை. மேய்ப்பவரிடம் போகும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். கல்வெட்டு இதை 'நிசதம் உழக்கு நெய்' என்று சொல்லும். குட்டியும் மிச்சப் பாலும் அவருக்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி. நாளுக்கு ஓர் உழக்கு என்றால் ஆண்டுக்கு 91 நாழிக்கு மேல். 50 ஆட்டில் ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு நாழியை நெருங்கும், 96 ஆட்டில் ஒரு நாழிக்கும் குறைவு. இதை வைத்து நம் ஆடு நல்ல ஆடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அளக்கிற நாழி ஊருக்கு ஊர் வேறு.

ஆடு செத்துப்போனால்? அங்கேதான் அந்தக் காலத்து எழுத்தரின் கூர்மை தெரிகிறது. 'சாவா மூவாப் பேராடு' என்று பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். சாகாத, கிழமாகாத ஆடு. எந்த ஆடு செத்தாலும் குட்டியை வைத்து எண்ணிக்கையை 50-ஆகவே காட்ட வேண்டியது மேய்ப்பவர் பொறுப்பு. முதல் குறையாது, பலன் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அவருக்குப் பின் அவர் வழியினர் அந்தக் கடமையை ஏற்பதும், பிணை நிற்பவர்களின் பெயரைச் சேர்ப்பதும் பல இடங்களில் உண்டு.

காசாகக் கொடுத்தாலும் இதே முறைதான். வட்டிக்குப் பெயர் பொலிசை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு 'ஆட்டை வட்டம் அரைக்கால் காசு' பொலிசை என்று வருகிறது. ஆட்டை வட்டம் என்றால் ஆண்டுக்கு. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. ஆக, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதே கோயிலில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு முக்குறுணி நெல் என்ற கணக்கும் உண்டு. காசின் மாற்று, அதாவது பொன்னின் தரம், குறைந்தால் காசு வட்டி தேயும், நெல் வட்டி தேயாது. கோயிலுக்கு வேண்டியதும் சோறுதான். முதலைத் தொடாமல் பொலிசையை மட்டும் செலவழிப்பதற்குப் 'பொலியூட்டு' என்று பெயர். இன்று அறக்கட்டளைக்காரர்கள் நீட்டி முழக்கி எழுதுவதை ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்.

கேள்வி (குளச்சல் வாசகர்): வங்கி வருவதற்கு முன் கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்கள் பணத்தை மூட்டையாகவா கொண்டு போனார்கள்?

பதில்: பெரும்பாலும் இல்லை, காகிதம்தான் போனது. அதன் பெயர் உண்டியல். கோயில் உண்டியலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோட்டாற்று வியாபாரி ஒருவர் தூத்துக்குடியில் 1000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்குள்ள லேவாதேவிக்காரரிடம் பணத்தைக் கட்டினால், அவர் அங்குள்ள தம் கூட்டாளிக்கு 'இன்னாருக்குக் கொடுக்கவும்' என்று எழுதித் தருவார். கண்டவுடன் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல். இத்தனை நாள் கழித்துக் கொடுக்க வேண்டியது கெடு உண்டியல். கெடு வரும்வரை காத்திருக்க முடியாதவர் அதை இன்னொருவரிடம் வட்டி கழித்து விற்றுவிடலாம். அப்படி உண்டியல் கைமாறிய இடமே சந்தை. கொழும்பின் புறக்கோட்டையும் ரங்கூனும் பினாங்கும் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் உண்டியலால் இணைந்திருந்தன.

திருத்தி எழுதும் மோசடிக்கு வடநாட்டு வணிகர் ஒரு வழி வைத்திருந்தார்கள். தொகையை எழுதி, அதன் பாதியையும் எழுதி, 'அதை இரட்டித்தால் வரும் தொகை' என்றும் சேர்ப்பார்கள். 1000-ஐ 7000 ஆக்க நினைப்பவர் 500-ஐயும் திருத்த வேண்டும். தொலைந்தால் 'பேட்' என்ற இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் 'பர்பேட்' என்ற மூன்றாம் படியும் உண்டு. பணம் கொடுத்துத் தீர்ந்த உண்டியலுக்குக் 'கோக்கா' என்று பெயர்.

உங்கள் ஊருக்குப் பொருத்தமானது 'ஜோக்மி' உண்டியல். சரக்கு கரை சேர்ந்தால்தான் பணம் தர வேண்டும். கப்பல் மூழ்கினால் உண்டியலும் மூழ்கும். கடனும் காப்பீடும் ஒரே காகிதத்தில். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் நாட்டு மொழி ஆவணங்களில் உள்ளூர் வழக்கத்துக்கு இடம் விட்டு எழுதப்பட்டது இதனால்தான்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): 20 பேர், மாதம் 1000, 20 மாதச் சீட்டு. முதல் சீட்டு நடத்துபவருக்கு. இரண்டாம் மாதம் ஏலத்தில் 6000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, நான் எடுத்தேன். வட்டிக்கு வாங்கியதைவிட லாபம் என்கிறார்கள். உண்மையா? பாட்டி 1938-இல் 'பாங்கு பொளிஞ்ச' (வங்கி திவாலான) கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்.

பதில்: பாட்டி சொல்வது திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் பாங்கு. 1937-இல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவானது, 1938 ஜூன் 21-இல் கதவை மூடியது. அப்போது வைப்புக்குக் காப்பீடே கிடையாது. அது 1962-இல்தான் வந்தது, 1500 ரூபாய் வரை. இன்று 5 லட்சம். ஆனால் சீட்டுப் பணத்துக்கு இந்தக் காப்பீடு இன்றும் இல்லை. ஆகவே பாட்டியின் பயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இனி உங்கள் கணக்கு. மொத்தம் 20,000. தள்ளு 6000 போக உங்களுக்கு 14,000. அந்த 6000-இல் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், 1000. மீதி 5000-ஐ 20 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 250. அந்த மாதம் எல்லாரும் 750 கட்டினால் போதும். தள்ளு மாதாமாதம் சமமாகக் குறைந்து கடைசியில் வெறும் கமிஷனாக நின்றால், 20 மாதத்தில் நீங்கள் கட்டுவது 17,625. இரண்டு மாதத் தவணை 1,750 போக உங்கள் கையில் தங்கியது 12,250. அதற்கு அடுத்த 18 மாதத்தில் 15,875 கட்டுகிறீர்கள். கடனாகப் பார்த்தால் இது மாதம் நூற்றுக்கு இரண்டே முக்கால் வட்டி. நகைக்கடன் கிடைக்கும்போது இது லாபமில்லை. கந்து வட்டிக்காரரிடம் போவதைவிட லாபம்.

கடைசிவரை பொறுத்தவர் அதே 17,625 கட்டி 19,000 வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டிக்குச் சற்று மேல். ஆனால் 20 மாதமும் நடத்துபவர் ஓடாமல் இருக்க வேண்டும் என்ற ஆபத்தைச் சுமப்பவரும் அவரே.

சீட்டு நம் மண்ணில் ஊறிய முறை. திருவிதாங்கூர் 1120 கொல்லம் ஆண்டில், அதாவது 1945 வாக்கில், இதற்கெனச் சட்டம் வைத்திருந்தது. 1982-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் வரையறையில்கூடப் பணத்துக்குப் பதில் தானியம் போடலாம் என்று இருக்கிறது.

அடுத்த சீட்டில் சேருமுன் நடத்துபவரிடம் நான்கு காகிதம் கேளுங்கள்: அரசின் முன் அனுமதி, சீட்டுப் பதிவு எண், தொடங்கலாம் என்ற சான்று, கையெழுத்திட்ட ஒப்பந்த நகல். சீட்டின் முழுத் தொகைக்குச் சமமான பிணையை அவர் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும், அதாவது உங்கள் சீட்டுக்கு 20,000. கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இது 2019 திருத்தம். ஒவ்வொரு ஏலத்தின் குறிப்பும் 21 நாளுக்குள் பதிவாளருக்குப் போக வேண்டும். சீட்டு எடுத்தவரிடம் ஜாமீன் கேட்காத நடத்துபவரை நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்தவர் கட்டாமல் நின்றால் குறைவது எடுக்காதவர்களின் பணம்.