டிபி மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் வலிப்பு வருவது ஏன்?

மருந்தகத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனசு வரவில்லை. நீங்கள் கேட்பது ஐசோனியாசிட் என்ற டிபி மருந்து பற்றி.

மூளையில் நரம்பு செல்களைத் தூண்டிவிடும் முக்கிய வேதிப்பொருள் குளூட்டமேட். அடக்கி வைப்பது காபா. வேடிக்கை என்னவென்றால், அடக்குவதைத் தூண்டுவதிலிருந்துதான் உடம்பு தயாரிக்கிறது. ஜிஏடி என்ற நொதி குளூட்டமேட்டிலிருந்து ஒரு கார்பாக்சில் தொகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிடும். மிச்சம் நிற்பது காபா.

அந்தக் காபா அடுத்த செல்லின் ஏற்பியில் போய் ஒட்டியதும் அதிலுள்ள துளை திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும். எதிர்மின்சுமை ஏறிய செல்லை உசுப்புவது கஷ்டம். (முழுதாக வளராத நரம்பு செல்லுக்குள் குளோரைடு ஏற்கெனவே அதிகம். அங்கே இதே காபா தூண்டவும் செய்யும். அது தனிக் கதை.)

சரி, வலிப்புக்கு வருவோம். ஜிஏடி வேலை செய்ய வைட்டமின் பி6-இன் செயல்படும் வடிவமான பைரிடாக்சால் பாஸ்பேட் கூடவே இருக்க வேண்டும். அளவு மீறிய ஐசோனியாசிட் அதைச் செயலிழக்க வைக்கிறது, புதிதாக உருவாகவும் விடுவதில்லை. காபா உற்பத்தி படுத்துவிடும், குளூட்டமேட்டைக் கேட்க ஆளில்லை. நரம்பு செல்கள் கட்டுமீறித் தூண்டப்பட்டு வலிப்பு வருகிறது.

வழக்கமாக வலிப்புக்குப் போடும் டயசெபம் இதில் பல நேரம் தனியாக எடுபடாது. காபா ஒட்டியிருக்கும்போது துளை அடிக்கடி திறக்க உதவுவதுதான் அதன் வேலை. காபாவே வற்றிப்போனால் எதற்கு உதவும்? அதனால் பி6-ஐயே ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். விழுங்கியது எத்தனை கிராமோ அத்தனை கிராம். அளவு தெரியாவிட்டால் பெரியவர்களுக்கு 5 கிராம். டிபி நோயாளிக்குத் தினமும் தரும் பி6 மாத்திரை வெறும் 10 மில்லிகிராம், கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தினசரி மாத்திரையும் முக்கியமாகக் கைகால் மதமதப்பு, எரிச்சல் வராமலிருக்கத்தான். டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பி6 மிகவும் குறைந்தாலே போதும், ஐசோனியாசிட் இல்லாமலும் வலிப்பு வரலாம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு புட்டிப்பால் தயாரிப்பைக் குடித்து வந்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. கிருமி நீக்கச் சூடேற்றியதில் பாலிலிருந்த பி6 அழிந்திருந்தது. பி6 கொடுத்ததும் வலிப்பு நின்றது.