ஆஸ்பென் குச்சி துளிர்த்தபின் கருகுவது ஏன்?

நட்ட கரும்பாப்லர் மரக்குச்சிகள் வேர்பிடித்துவிட்டன, அதே பாப்லர் இனத்து ஆஸ்பென் மட்டும் துளிர்விட்டுக் கருகியது என்கிறீர்கள். கைப்பக்குவத்தில் குறையில்லை, வகையின் குணம் அது. கரும்பாப்லரின் பட்டைக்கடியில் வேர்முளைகள் முன்பே உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் கிளம்பிவிடும். ஆஸ்பெனில் அது அரிது. குச்சியில் சேமித்திருக்கும் உணவைத் தின்றே மொட்டு விரியும், அது தீர்ந்ததும் கருகிவிடும். பிடுங்கிப் பாருங்கள், அடிவெட்டு கறுத்து வழவழவென்றிருக்கும், வேர் ஒன்றும் இருக்காது.

ஆஸ்பெனுக்குக் குச்சியை மறந்துவிடுங்கள். விரல் தடிமன் வேரை 10 செ.மீ. துண்டுகளாக்கி, ஈர மணலில் படுக்கவைத்து மெல்லிசாக மூடுங்கள். எழும் தளிர் 5 செ.மீ. ஆனதும் அறுத்து, வேர் ஹார்மோன் பொடியில் தொட்டு, பிளாஸ்டிக் மூடியின் கீழ் ஈரப்பதத்தில் வையுங்கள்.

இன்னொரு பாப்லர் வகையான காட்டன்வுட், வேர்விடுவதில் இவை இரண்டுக்கும் நடுவே; குளோனுக்குக் குளோன் (ஒரே தாய்மரத்தின் நகல் வரிசை) மாறும். அதற்கு இலையுதிர்ந்த ஓராண்டுக் கிளையில் 20-25 செ.மீ. வெட்டி, ஒருநாள் ஊறவைத்து, ஒரு மொட்டு மட்டும் வெளியே தெரிய நடுங்கள். மெல்லிய நுனிக்குச்சி வேண்டவே வேண்டாம், சேமிப்பு போதாது.